ஒரே கம்பியில் நான்கு வீடு

உடுமலைப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் யூனிக்ஸ் கணினி இயந்திரத்துக்கு, வெளியிலிருந்து வருகிறவர்கள் வந்து சேரும் வலைக்கம்பி ஒன்றுதான். அந்த ஒரு கம்பிக்கு நான்கு முகவரிகள் கொடுக்கப்பட்டிருந்தன. நான்கிலும் குடித்தனக்காரர்கள் இருந்தார்கள்.

முகவரிகளைச் சேர்ப்பதும் நீக்குவதும் சென்னியப்பனின் வேலை. கட்டளைகளை ஒற்றை விரலால்தான் அடிப்பார். பதினோரு வருடத்தில் ஒரு எழுத்துகூடப் பிசகியதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

புதன்கிழமை காலை, முதல் முகவரியில் இருந்த வெள்ளியங்கிரி வீட்டைக் காலி செய்தார். சாவியை வாங்கிக்கொண்டு சென்னியப்பன் அந்த முகவரியை நீக்கினார். முதல் முகவரி போனால் அதன் பின்னால் சேர்த்தவையும் கூடவே போய்விடும். ‘மூத்தது போனால் அடுத்தது மூத்ததாகட்டும்’ என்று இயந்திரத்திடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அவரும் சொல்லித்தான் இருந்தார். ஆனால் வாயால் சொன்னதோடு சரி, கோப்பில் எழுதவில்லை. போன மாதம் கரண்ட் போய் வந்தபோது இயந்திரம் அதை மறந்துவிட்டிருந்தது.

மிச்சமிருந்த மூன்று வீடுகளும் போயின. மூன்றாம் முகவரியில் குடியிருந்த ரங்கநாயகி, பஜ்ஜித் தட்டோடு சென்னியப்பனின் மேஜைக்கு அருகில் நின்றுகொண்டிருந்தாள். பட்டுப்புடவையில் அவள் மகள் கிருத்திகாவும் நின்றாள்.

“ஏனுங் தம்பி, எங்க ஊட்டைக் காணமுங்களே. பத்தரைக்கு மாப்ள ஊட்டுக்காரங்க வர்றாங்க.”

சென்னியப்பனுக்கு அவமானமாக இருந்தது. கிருத்திகாவை இதுவரை ஆறு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஏழாவது இடமும் கைநழுவிவிடுமோ என்று ரங்கநாயகி பயந்தாள்.

வருகிறவர்கள் தெருவில் நின்று, ‘இந்த முகவரி யாருது?’ என்று மூன்று தடவை கூப்பிடுவார்கள். பதில் வராவிட்டால் திரும்பிவிடுவார்கள். முதல் குரல் கேட்டபோது சென்னியப்பன் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டாம் குரலுக்குள் ரங்கநாயகியின் எண்ணில் பாதியை அடித்திருந்தார். மூன்றாவது குரல் கேட்டதும், அம்மாவின் கண் ஜாடைக்குக்கூடக் காத்திராமல் கிருத்திகாவே கத்தினாள்.

“எங்களுதுங்க! உள்ள வாங்க!”

அதற்குள் சென்னியப்பன் எண்ணின் மீதியையும் அடித்துவிட்டார்; வீடு திரும்பி வந்திருந்தது. அதே நொடியில் எதிர்க் கட்டடத்திலிருந்தும், “என்னுடையது” என்று ஒரு குரல் வந்தது. அன்று காலைதான் வந்து இறங்கிய புதுப் பிரிண்டர் அது. முகவரி இல்லாமல் அலைந்துகொண்டிருந்தது. சற்று நேரம் காலியாகக் கிடந்த ரங்கநாயகியின் எண்ணை எடுத்துக்கொண்டது. பிரிண்டர்களின் சுபாவம் அப்படி.

வந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மாப்பிள்ளை இங்கே வந்தான். அவன் அம்மாவும் அத்தையும் பிரிண்டரிடம் போனார்கள்.

மாப்பிள்ளை இரண்டு பஜ்ஜி சாப்பிட்டான். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவீர்களா என்று கேட்டான். போவேன் என்றாள் கிருத்திகா. நல்லது என்று சொல்லி மூன்றாவது பஜ்ஜியை எடுத்தான். அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

“அக்கா, தப்பு என்னோடதுங்க. பிரிண்டருக்கு வேற நம்பர் குடுத்தர்றனுங்க” என்று சென்னியப்பன் காதோடு சொன்னார்.

“பேசி முடியறவரைக்கும் எதையும் தொடாதீங்க தம்பி. காத்தால தொட்டதே போதுமுங்க” என்றாள் ரங்கநாயகி.

அவர் தொடவில்லை. மற்ற இரண்டு முகவரிகளை மட்டும் ஓசைப்படாமல் சேர்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பதினோரு மணிக்கு மாப்பிள்ளையின் அம்மாவும் அத்தையும் எதிர்க் கட்டடத்திலிருந்து வந்து சேர்ந்தார்கள். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“புள்ளைய எங்களுக்குப் புடிச்சுப்போச்சுங்க. நல்ல நெறம். கேட்டதுக்கு மட்டுந்தான் பதில் சொல்லுது, ஒரு வார்த்தை அதிகமில்லீங்க.”

“எனக்கும் புடிச்சிருக்குதும்மா” என்றான் மகன், கிருத்திகாவைப் பார்த்து.

“அப்பறமென்ன? கல்யாணப் பத்திரிகையே கையோட வாங்கியாந்துட்டேன்.”

பிரிண்டர் அடித்துக் கொடுத்த தாள் இன்னும் சூடாக இருந்தது. மாப்பிள்ளையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பெண்ணின் பெயர் வர வேண்டிய இடத்தில் முகவரி எண் மட்டும் இருந்தது. கிருத்திகா அதை வாங்கி, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தாள். எல்லாம் சரியாகவே இருந்தன; அவள் வீட்டு எண்தான்.

“மஞ்சள் எங்கம்மா வெச்சிருக்கறே?” என்று ரங்கநாயகியிடம் கேட்டு வாங்கி, தாளின் நான்கு மூலைகளிலும் தடவினாள்.