காசு வாங்கி ஆடியவன்

போட்டி தொடங்க முக்கால் மணி நேரம் இருக்கும்போது சோலைமுத்து தன் ஓவர்டைம் நோட்டை எடுத்து, போட்டி நடத்துகிறவரின் மேசையில் வைத்தான். தடுக்க எனக்குத் தோன்றவில்லை. அதை எழுதச் சொன்னவனே நான்தான்.

அவன் அபுதாபியில் ஒரு ஐஸ் மைதானத்தில் கிளீனர். நான் முசஃபாவில் வெல்டர். இருவருக்கும் ஒரே ரூம். நாங்கள் வெயிலில் வேகப் புறப்படும்போது அவன் மட்டும் ஸ்வெட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு டூட்டிக்குக் கிளம்புவான். ரூமே கேலி பண்ணும். ஆள் இல்லாத மதியங்களில் வாடகை ஷூவைக் கட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சறுக்கப் பழகினான். அங்கே கனடாக்காரர்கள் ஒரு ஐஸ் ஹாக்கி டீம் வைத்திருந்தார்கள். எல்லாருமே ஆபீஸ் மேனேஜர்கள். கோல் போட அத்தனை பேருக்கும் ஆசை, கோலில் நிற்க ஒருத்தனுக்கும் மனசில்லை. கல் மாதிரி பறந்து வரும் அந்தக் கறுப்பு ரப்பர் வில்லையை மார்பில் வாங்க யார் வருவார்கள்? 2003-ல் ஒருநாள், ஓரமாகப் பெருக்கிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். மூன்றே மாதத்தில் வில்லை அவனைத் தாண்டிப் போவது அபூர்வமாகிவிட்டது.

அவன் காசு வாங்காமல் நிற்பதைப் பார்த்து எனக்குத்தான் பொறுக்கவில்லை. பழைய கம்பெனியில் பதினாலு மாதம் நான் பார்த்த ஓவர்டைமை, கையெழுத்து இல்லை, கலாஸ், அவ்வளவுதான் என்று முடித்துவிட்டார்கள். அதனால் இவனிடம், "கையெழுத்து வாங்காம ஒரு மணி நேரங்கூட நிக்காதடா" என்றேன். அவன் காசு கேட்கவே கூச்சப்பட்டான். என் தொல்லை தாங்காமல் நோட்டு போட்டான். தேதி, நேரம், முப்பது திர்ஹம், கேப்டன் கையெழுத்து. அவர்களும் சிரித்துக்கொண்டே கையெழுத்தைப் போட்டுக் காசையும் கொடுத்தார்கள்.

மறுவருஷம் வளைகுடா டீம்களுக்கெல்லாம் ஒரு போட்டி வந்தது. முதுகில் அவன் பெயர் எழுதிய சட்டையும் வந்தது. ஒரே ஒரு நிஜ மேட்ச் ஆடிவிட வேண்டும். ஒரு மாதமாக அவனுக்கு வேறு பேச்சில்லை. ஊருக்குப் போன் பண்ணிப் பெண்டாட்டி வடிவிடம் சொன்னபோது, கீழே விழாமல் இருந்தால் சரி என்றாளாம்.

போட்டி அன்று எதிர் டீம்காரர்கள், கிளீனரைக் கடைசி நேரத்தில் பிடித்து வந்திருக்கிறார்கள், இவன் டீம் ஆளே இல்லை என்று தகராறு பண்ணினார்கள். அதற்குத்தான் நோட்டு. ஒரு வருஷப் பயிற்சி, ஒருநாள் விடாமல், கையெழுத்தோடு. இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்கிற பெருமை அவன் முகத்தில் இருந்தது. போட்டி நடத்துகிறவர் பொறுமையாகப் புரட்டினார். திர்ஹம் எழுதிய இடத்தில் விரல் நின்றது. இது காசு வாங்காதவர்கள் ஆடுகிற போட்டி, இவன் புரொபஷனல், ஆட முடியாது என்று சொல்லி நோட்டை மூடினார்.

கேப்டன் சாரி என்று முதுகில் தட்டினான். காலில் கட்டியிருந்த தடுப்பைக் கழற்றச் சொன்னான். அது டீமுடையது. சோலைமுத்து கழற்றினான். அவனுக்குப் பதிலாக நிற்க வந்த பேங்க் மேனேஜருக்குக் கட்டத் தெரியவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து கட்டிவிட்டதும் இவன்தான்.

பிறகு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"புரொபஷனல்னா என்னண்ணே?"

"காசுக்கு ஆடுறவன்."

"நீங்க சொல்லலேன்னா நான் சும்மாவே நின்னுருப்பேண்ணே" என்றான். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேட்ச் ஆரம்பித்தது. பத்து நிமிடத்துக்குள் பேங்க் மேனேஜரைத் தாண்டி நாலு கோல் விழுந்தது. அவன் மைதானத்தைப் பார்த்தபடி கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றான். உள்ளே வில்லை பறந்து வரும் ஒவ்வொரு தடவையும் அவன் முழங்கால் மடங்கி, இடது கை தானாக விரிந்துகொண்டிருந்தது.