இரண்டாம் சுற்று

"அந்த ப்ளக்குல மட்டும் கைய வைக்காதீங்க, பாக்."

ஹனுங் சொன்னதும் பாக் மர்சூதி குனிந்தவாக்கில் நின்றார். தெருவே மரியாதையாக பாக் என்றழைக்கும் பக்கத்து வீட்டுக்காரர். தெருவில் சாவு என்றால் முதல் ஆளாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருபவர். முன்னறையில் நாற்காலிகளும் அலமாரியும் வெளியே போயாகிவிட்டன. பாய் விரிக்க வேண்டும். ஹனுங்கின் மனைவி கினாந்தியின் உடலை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வண்டி கிளம்பிவிட்டது என்று இப்போதுதான் போன் வந்திருந்தது.

"கம்ப்யூட்டர மேசையோட வெளிய வச்சிருவோம்ப்பா. நனையாம நான் பாத்துக்கறேன்."

"நகத்தலாம். அணைக்கக் கூடாது."

"ஏன், அணைச்சா வெடிச்சிருமா?"

கேட்ட பிறகுதான் எந்த வீட்டில் நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. இருவரும் ஒயர் எட்டும் மட்டும் மேசையைச் சுவரோரம் தள்ளினார்கள். யாரோ ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரின் மேல் போர்த்திவிட்டுப் போனார்கள்.

துணிக்கு அடியில், மெமரியைச் சுற்றுச் சுற்றாகச் சோதிக்கும் டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. கினாந்தி ஆரம்பித்துவைத்தது.

அவள் வீட்டிலிருந்தபடியே ஓர் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுப்பவள். திருட்டு விண்டோஸைப் பிடிக்க யோக்யா நகரத்துக்குப் போலீஸ் ஆட்கள் வருகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதும் லினக்ஸுக்கு மாறிவிடுவது என்று முடிவு செய்தாள். ஹனுங் சிரித்தான். ஊரே திருட்டு விண்டோஸில்தான் ஓடுகிறது என்றான். "எனக்குப் பயந்துகிட்டு வேலை பாக்க முடியாது" என்றாள்.

மாறுவது லேசாக இல்லை. லினக்ஸ் பாதி ஏறும். கம்ப்யூட்டர் தானாக அணைந்து, பீப் என்ற சத்தத்தோடு மறுபடி முதலிலிருந்து கிளம்பும். சில நாள் முழுதாக ஏறிவிடும். வேலைக்கு நடுவில் போய்விடும். பென்டிரைவை மாற்றினாள். டிஸ்கை மாற்றினாள். மெமரியைக் கழற்றி, அதன் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினாள். காலையில் அவன் ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் அவள் அதன் முன்னால் உட்காருவாள். புருஷனை மாஸ் என்றே கூப்பிடும் அவள் குரல் குளியலறை வரை வரும்.

"மாஸ், மறுபடியும் போச்சு!"

குழாயைத் திறந்துவிட்டு, தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அவன் கத்துவான். "உன் லினக்ஸுக்கு ஜலதோஷம்! சூடா இஞ்சித்தண்ணி வச்சுக் குடு!"

"ஜலதோஷம் லினக்ஸுக்கு இல்ல, நீங்க வாங்கிட்டு வந்தீங்களே ஒரு பழைய மெமரி, அதுக்கு!"

அவளுடைய பிறந்தநாளுக்கு அவன் வாங்கிக் கொடுத்தது. ஒருமுறைதான் அப்படிச் சொன்னாள். குளித்துவிட்டு வந்த அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

பிறகு அவளுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, வாசல் வரை போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து டெஸ்டை ஓடவிட்டாள்.

"அணைச்சிராதீங்க மாஸ். ரெண்டாவது சுத்துலதான் சில கோளாறு மாட்டும். சிவப்பு வரி வந்தா மெமரி கோளாறுன்னு அர்த்தம், எனக்குச் சொல்லுங்க."

அவன் இரவெல்லாம் ஆஸ்பத்திரித் தரையில் படுத்தான். மதியம் வீட்டுக்கு வருவான். குளிப்பான், சாப்பிடுவான், கொஞ்சம் கண்ணயர்வான். கிளம்பும்போது திரையைப் பார்த்துவிட்டுப் போவான்.

"எத்தனாவது சுத்து ஓடுது?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கேட்பாள்.

"ஒண்ணு."

மறுநாளும் ஒன்று. அதற்கு மறுநாளும்.

"அதெப்படி மாஸ் ஒண்ணாவே நிக்கும்? இந்நேரம் எங்கயோ போயிருக்கணுமே. நீங்க ஒழுங்காப் பாத்தீங்களா?"

"எனக்கு எண்ணத் தெரியும்டி."

அவள் சிரிக்கவில்லை. புருவங்களுக்கு நடுவில் ஒரு மடிப்பு விழுந்தது. கோளாறு தேடும்போது விழும் மடிப்பு. "இருங்க, யோசிக்கிறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அன்று சாயங்காலம் அவளைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள். அதன் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

வண்டி வந்தது. கொல்லையில் துணி கட்டி மறைத்து, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். மூத்த பெண்களை இபு என்பார்கள்; இபு ஸர்மிதான் அந்தத் தெருவில் இறந்த பெண்களைக் குளிப்பாட்டுபவர். மறைப்பை விலக்கி அவனைப் பார்த்தார்.

"புருஷன் ஊத்தலாம். தைரியம் இருந்தா வா. ஆனா ஒண்ணு, கண்ணீர் அவ மேல விழக் கூடாது."

"விழாது."

பூத்துணியால் கழுத்துவரை மூடியிருந்தார்கள். அவன் மாமியார் மகளின் தலையைத் தாங்கிக்கொண்டார். ஹனுங் மல்லிகை மிதந்த டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினான். டிரம் காலியானது.

"குழாயத் தொறங்க" என்றார் இபு ஸர்மி.

யாரோ திறந்தார்கள். குழாயைத் திறந்தால் தானாகவே ஓடும் மோட்டார் அது. சுவருக்குப் பின்னால் உறுமியது. தலைக்கு மேல் பல்பு மங்கி, பிறகு நிமிர்ந்தது. முன்னறையிலிருந்து சத்தம் வந்தது.

பீப்.

ஹனுங்கின் கை நின்றது. அவன் காது கொடுத்தான். அடுத்து வர வேண்டிய அவள் குரல் வரவில்லை.

"ஊத்துப்பா."

ஊற்றினான். குழாயை மூடினார்கள். திரும்பத் திறந்தார்கள். மோட்டார் உறுமியது. பல்பு மங்கியது.

பீப்.

"என்னாச்சு ஹனுங்?" என்றார் மாமியார். "முடியலன்னா வெளிய போய் அழுதுட்டு வா."

"அழுக வரல, இபு."

அவன் கினாந்தியின் முகத்தைப் பார்த்தான். புருவங்களுக்கு நடுவில் இருந்த மடிப்பு இப்போது இல்லை. அந்த இடத்தில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினான்.

தூறலிலேயே அடக்கம் முடிந்தது. இடுகாட்டிலிருந்து திரும்பிய கால்களோடு ஹனுங் நேராகக் கொல்லைக்குப் போய் மோட்டாரின் ப்ளக்கைப் பிடுங்கினான். பிறகு முன்னறைக்கு வந்து கம்ப்யூட்டரின் மேலிருந்த துணியை எடுத்து மடித்துவைத்தான். முதல் சுற்று பாதியில் இருந்தது.

பாக் மர்சூதி பின்னாலேயே வந்தார். "கொழாயில தண்ணி வரலயாமே."

"மோட்டாரப் புடுங்கிட்டேன்."

"ஏன்ப்பா?"

"அது ஓடினா இது செத்துருது."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு அவனை. "ராத்திரி தொழுகைக்கு அப்புறம் துவா ஓத வருவாங்க. தெருவே வரும். கைகால் கழுவ வேணாமா?"

"உங்க கெணத்துல எடுத்துக்கவா?"

"நீ ஒருத்தனா?"

"ம்."

அடுக்களை வாசலில் மாமியார் நின்றிருந்தார். சோறு வடித்த ஆவியில் முகம் வெந்திருந்தது. "எம்பொண்ண மண்ணுல வச்சுட்டு வந்து கால்கூடக் கழுவல. இவனுக்கு அந்தப் பெட்டிதான் பெருசாப் போச்சு."

ஹனுங் மூலையில் இருந்த வாளியை எடுத்தான்.

"அவதான் உசுரு இருக்கறவரைக்கும் அதுகூட மல்லுக்கட்டினா. இப்ப நீயா?"

"இன்னிக்கி ஒரு நாள், இபு."

பாக் மர்சூதி தன் வீட்டிலிருந்து இன்னொரு வாளியைக் கொண்டுவந்து வேலியோரம் வைத்தார். கிணற்றில் வெகுநாளாக யாரும் இறைக்கவில்லை. கயிறு ஈரத்தில் உப்பியிருந்தது. ஹனுங் இறைத்தான். இரண்டு கையிலும் வாளிகளோடு சந்து வழியாக நடந்தான். குளியலறைத் தொட்டியை நிரப்பினான். டிரம்மை நிரப்பினான். அடுக்களைக்குக் கொடுத்தான். போகும்போதும் வரும்போதும் ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டான். உள்ளங்கை தோல் உரிந்தது. நடுவில் ஒருமுறை மாமியார் அவன் கையிலிருந்து வாளியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்த் தானே ஊற்றிவிட்டு வந்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஓய்ந்தது. ஆட்கள் வந்தார்கள். கிணற்றுத் தண்ணீரில் கைகால் கழுவி, பாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஹனுங் மேசையோரம் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். காற்சட்டையில் மண் காய்ந்திருந்தது. ஓதல் மெதுவாகத் தொடங்கி, ஒரே குரலாகி, அறையை நிறைத்தது.

திரையின் ஓரத்தில் ஒன்று இரண்டாக மாறியது. சிவப்பு வரி இல்லை.

"ரெண்டு" என்றான்.

பக்கத்தில் இருந்த பாக் மர்சூதி ஓதலை நிறுத்திக் காதைச் சாய்த்தார். "என்னது?"

"ஒண்ணுமில்ல, பாக்."

நடையின் கோடியில் குளியலறைக் கதவு திறந்திருந்தது. நிறைந்த தொட்டியின் விளிம்பில், காலையில் அவன் மொண்டு ஊற்றிக் குளிக்கும் குவளை கவிழ்ந்து கிடந்தது. அவன் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான்.