முப்பத்தொன்பதாம் எண்

ஹார்லோ ஊர்ப் பனி ஹாக்கி அரங்கில் வடகிழக்கு மூலையின் மேல்படி, பெரிய குழுக்களுக்கு ஆள் பார்க்க வருகிறவர்களுக்கென்றே விடப்பட்டது. கூரை அங்கேதான் ஒழுகும். சூடேற்றி எதிர்ப்பக்கத்தில் மட்டும்தான். ஓர் இளைஞனின் எதிர்காலத்தை முடிவு செய்ய இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று முன்னோர்கள் தீர்மானித்திருந்தார்கள்.

மெர்வ் ஹனாட்டியூக் அங்கே உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். பெரிய லீக் குழு ஒன்றுக்கு ஆள் பார்த்துச் சொல்வது அவர் வேலை. பதினேழாம் எண் சட்டைக்காரன் ரீட் வீப்புக்கு இருபது வயது. தொழில்முறை ஆட்டத்தில் முதல் வருடம். இவனைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதா, மாமாவின் கோதுமைப் பண்ணைக்கே திருப்பி அனுப்புவதா என்று மெர்வின் குழு நாளைக் காலை முடிவெடுக்கும். மெர்வின் தாளில் கால், கை, மட்டை, தலை, நெஞ்சு என்று ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்பதுக்கு இத்தனை என்று போட வேண்டும். கால் ஐந்துக்குக் கீழே இறங்கினால் தலைமை அலுவலகத்தில் முடிவெடுக்கும் கார்ல் மீதியைப் படிப்பதில்லை.

"கிழவனுக்கு இன்னிக்கு யாரு மேல கண்ணு?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் டேல் ஸ்காக்ஸ்டாட். போட்டிக் குழுவுக்கு ஆள் பார்ப்பவர்; இவர்கள் கைவிடுகிறவனை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கையில் வெங்காயம் வதக்கிப் போட்ட பெரோகி, உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று.

"கோல்கீப்பர் மேல."

"எனக்கும் கோல்கீப்பர்தான்."

இருவரும் பதினேழைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தொழிலில் பக்கத்து ஆளிடம் உண்மை சொல்வது ஒழுங்கீனம்.

பையனின் கால் மோசம். திரும்பும்போது பாத்திரக் கடையில் புகுந்த மாடு மாதிரி ஒரு தடுமாற்றம் தெரிந்தது. ஆனால் மட்டையால் தள்ளும் அந்த ரப்பர் வட்டு தன்னிடம் வருமுன் இரண்டு தடவை தோளுக்குமேல் திரும்பிப் பார்த்தான், ஊருக்குக் கிளம்புகிறவன் அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பதுபோல. அதனால் வட்டு வந்ததும் யோசிக்காமல் சரியான ஆளுக்குத் தள்ளினான். மெர்வ் தலைக்கு ஏழு போட்டார். காலுக்கு மட்டும் பேனா நகரவில்லை.

வெங்காய வாசனை வேறு. முப்பது வருடத்துக்கு முன் இதே அரங்கில், இதே வாசனையில், அவர் பன்னிரண்டாம் எண். ஆட்டத்துக்கு நடுவே ஆர்கன் வாசிக்கும் திருமதி டிக்குக்கு மூன்று பாட்டுத்தான் தெரியும், அதில் இரண்டு தேவாலயப் பாட்டு. கோல் விழுந்தாலும் துக்க வீட்டுக்கு வந்த மாதிரியே இருக்கும். பஸ்ஸில் சூடு வேலை செய்யாது. ஒருவன் தொடைக்கடியில் ஒருவன் காலை நுழைத்துக்கொண்டு, ஈரக் கையுறை நாற்றத்தில் நானூறு கிலோமீட்டர் தூங்குவார்கள். அப்படி ஒரு தூக்கம் அதற்குப் பிறகு எந்த ஹோட்டல் மெத்தையிலும் அவருக்கு வாய்க்கவில்லை.

அந்த வருடம் ஒருநாள் பெரிய லீக் குழுவுக்கு ஆள் பார்க்கும் ஆர்வில் என்பவர் வந்திருந்தார். மூன்று பகுதி ஆட்டத்தில் இரண்டாம் பகுதி முடிவில் மெர்வுக்குப் புருவம் கிழிந்தது. ரத்தம் பட்ட சட்டையோடு ஆடக் கூடாது என்பது விதி. தையல் போட்டு, பெட்டியில் கிடந்த பெயரில்லாத உதிரிச் சட்டையை மாட்டிவிட்டார்கள். எண் முப்பத்தொன்பது. மூன்றாம் பகுதியில் மெர்வ் தன் வாழ்நாளின் ஆட்டத்தை ஆடினார். மூன்று கோல். திருமதி டிக்கே உற்சாகமாகி நான்காவதாக ஏதோ பாட்டு முயன்றார்.

யாரும் கூப்பிடவில்லை. பல வருடம் கழித்து ஆர்வில் இருந்த குழுவிலேயே வேலைக்குச் சேர்ந்தபோது, பழைய அலமாரியில் ஆர்வில் எழுதிய தாள் கிடைத்தது. *12: கால் 4. மூன்றாம் பகுதிக்கு வரவே இல்லை. நெஞ்சு 2.* கீழே: *39: அபாரம். யார் இது? விசாரிக்க.*

ஆர்வில் இடைவேளையில் பெரோகி வரிசையில் நின்று, சட்டை மாறியதைக் கோட்டைவிட்டவர். விசாரிக்க மறந்தவர்.

கீழே ஒரு சத்தம். ரீட்டின் வாயில் எதிராளியின் மட்டை பட்டு, பனியில் சிவப்புப் பொட்டுகள். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனான். இரண்டாம் பகுதி முடிந்தது. டேல் இன்னொரு பெரோகிக்கு எழுந்து போனார்.

அவர் திரும்பியபோது மூன்றாம் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. பெயரில்லாத சட்டை ஒன்று, வீங்கிய உதட்டோடு, சுவரோரம் இரண்டு பேரைத் தோளால் தடுத்துக்கொண்டு வட்டை வெளியே எடுத்தது.

"யோவ், அந்த முப்பத்தொம்பது யாரு? பட்டியல்ல இல்லையே?"

மெர்வின் வாயிலிருந்து விதைத் தோல் விழுந்தது. அந்தச் சட்டை இன்னும் அந்தப் பெட்டியில்தான் இருந்திருக்கிறது.

"பதினேழு. சட்டை மாத்திட்டான்" என்றார்.

டேல் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு பெரோகி புரையேறச் சிரித்தார். "யாருகிட்ட கதை விடுற? இருபது வருஷமா உன் பக்கத்துல உக்காந்திருக்கேன். ஒருநாளாவது நிஜம் சொல்லியிருக்கியா?"

"இன்னிக்குச் சொல்றேன்யா. உதட்டைப் பாரு."

"பதினேழு பயந்துட்டு உள்ளயே உக்காந்துட்டான். நெஞ்சு இல்லாத பய." டேல் அதையே தாளில் எழுதினார். பனிக்காற்று கூடுமுன் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டுமென்று கிளம்பியும் போனார்.

ஆட்டம் முடிந்ததும் மெர்வ் கார்லுக்குப் போன் போட்டார்.

"கால் எவ்வளவு?" என்றார் கார்ல்.

ஐந்து என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. "நாலு."

"அப்ப பேச்சே இல்ல."

"உதட்டுல ஆறு தையலோட திரும்பி வந்தான். நெஞ்சு ஒம்பது."

"உன் தாள்ல நான் ஒம்பது பார்த்ததே இல்லையே மெர்வ்."

"போட்டதில்ல."

"இருந்தாலும் நாலு வச்சுகிட்டு என்ன பண்றது?"

"அந்த வயசுல எனக்கும் நாலுதான்."

"உன்னை யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கல. அதுக்குத்தான் போன் பண்ணேன்."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"ஒரு வருஷம். கால் தேறலைன்னா அந்தப் பண்ணைக்கு உன்னையும் சேர்த்து அனுப்புவேன்."

நடைபாதையில் ரீட் எதிரே வந்தான், உதடு கத்தரிக்காய் மாதிரி. "சார், நீங்க ஆள் பார்க்க வந்தவரா?"

"இல்ல தம்பி. பெரோகி சாப்பிட வந்தேன்."

பையன் முகம் வாடி நகர்ந்தான். காலையில் தெரிந்துகொள்ளட்டும். மெர்வ் தன் தாளை எடுத்து அடியில் எழுதினார்: *17, 39 ஒரே ஆள். விசாரித்தாயிற்று.*