மார்கழியில் உறையாத எண்ணெய்

இசைவாணி துப்பட்டாவை விலக்கி வெந்திருந்த கழுத்தைக் காட்டியபோது கலைமணிக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, சந்தேகம். ஒரகடத்து லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி கம்பெனி பஸ் ஏறுகிற பெண். கண்ட கிரீமையும் தடவிவிட்டுப் பழியைச் சோப்பின் மேல் போடுகிறாள்.

"வேற இன்னா பூசின?"

"ஒண்ணும் பூசலக்கா. உங்க வேப்பிலை சோப்பு மட்டும்தான். ரூம்ல இன்னும் ரெண்டு பேருக்கு எரியுது."

ரெண்டு பேர் என்றதும் மனசுக்குள் கணக்குப் போட்டாள். கடைசியாக ஒரே தடவையில் கலக்கி ஊற்றிய ஈட்டில் இதுவரை விற்றது நாற்பது கட்டி, எல்லாம் அந்த ஹாஸ்டலுக்கு. வடக்குப்பட்டில் வீட்டோடு சோப்பு போட ஆரம்பித்து மூன்று வருஷம். இந்தப் பேச்சு கம்பெனி பஸ்ஸில் ஏறினால் சாயங்காலத்துக்குள் எல்லா ஹாஸ்டலுக்கும் போய்விடும். அப்புறம் அவள் சோப்பை நாய்கூட மோந்து பார்க்காது.

இசைவாணி போனதும் அதே ஈட்டில் ஒரு கட்டியை எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். பேட்டரியைத் தொட்ட மாதிரி சுருக்கென்று இழுத்தது. ஒரு மாதம் காய்ந்த சோப்பு இழுக்கவே கூடாது. காஸ்டிக் சோடா எண்ணெயோடு சேராமல் மிச்சம் நிற்கிறது.

தராசைச் சந்தேகப்பட்டாள். சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தாள், சரியாகத்தான் காட்டியது. தொழில் கற்றுக்கொடு என்று போன மாதம் வந்து பாத்திரங்களை நோட்டம் விட்ட பக்கத்து வீட்டு ராஜலட்சுமியின் மேல் ஒரு நாள் முழுக்கச் சந்தேகம் நின்றது.

மறுநாள் காலையில் நல்ல பனி. தலைக்கு வைக்க எடுத்த தேங்காய் எண்ணெய் பாட்டில் கல்லாக உறைந்திருந்தது. அதை அடுப்போரம் கொண்டுபோனவள் பாதியில் நின்றாள். மூலையில் சோப்புக்கு வைத்திருந்த செக்குத் தேங்காய் எண்ணெய் டின்னைத் திறந்து கரண்டியை விட்டாள். அடியில் மட்டும் மாவு மாதிரி கொஞ்சம் கட்டியிருந்தது. மேலே எண்ணெய் தளும்பியது.

வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. மற்ற எண்ணெய்க்குக் காஸ்டிக் குறைவாகப் போதும். தேங்காய் எண்ணெய் கேட்கிற அளவுக்குக் காஸ்டிக்கை அதில் கொட்டினால், எண்ணெய் தின்றது போக மிச்சம் ஆளின் தோலைத் தின்னும்.

வாலாஜாபாத் பஸ்ஸில் வழியெல்லாம் செக்குக்காரர் ராஜசேகரைத் திட்ட வார்த்தை சேர்த்துக்கொண்டு போனாள். அவர் அவள் கத்தி முடிக்கும்வரை நின்றார். பிறகு ஒரு டின்னைத் திறந்து காட்டினார். கரண்டி இறங்காதபடி வெள்ளையாக உறைந்திருந்தது.

"எம்மேல இன்னாம்மா தப்பு? உங்க வூட்டுக்காரரு மாசம் ரெண்டு வாட்டி வருவாரு. தீபாவளியிலேர்ந்து ஒரு வாட்டிதான் வராரு. யாவாரம் டல்லுன்னு நினைச்சிகினேன்."

ஆனால் புருஷன் பச்சையப்பன் மாதம் இரண்டு தடவையும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். மூன்று மணி நேரம் கழித்துத்தான் டின்னோடு திரும்புகிறான். செக்குக்குப் போகாத நாளில் அந்த மூன்று மணி நேரம் எங்கே? திரும்பும் பஸ்ஸில் எண்ணெயைவிட அதுதான் அவளை அரித்தது.

நைட் ஷிப்டும் அதற்கு மேல் ஓவர்டைமும் முடித்து அவன் மதியம் வந்தான். சட்டையைக் கழற்றுமுன் கேட்டாள். முதலில் ஏதோ மழுப்பிப் பார்த்தான். செக்குக்கே போய்விட்டு வருகிறேன் என்று அவள் சொன்னதும் தரையில் உட்கார்ந்துவிட்டான். கம்பெனி கேட் பக்கத்துக் கடையில் பாமாயில் வாங்கி, வாசனை தெரியாமல் இருக்கச் செக்கு எண்ணெயோடு பாதிக்குப் பாதி கலந்தானாம்.

"அப்ப அந்த மூணு மணி நேரம்?"

"செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில தூங்கினேன்."

"யாரோட?"

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே கோபமானது. "இந்த வூட்ல படுக்க எடம் கீதா? கட்டில் மேல சோப்பு, கட்டிலுக்கு கீழ சோப்பு. கண்ண மூடினா கதவத் தட்டி சோப்பு கேக்கறாங்க. பன்னெண்டு மணி நேரம் லைன்ல நின்னுட்டு வந்தா வாலாஜாபாத்துக்குப் போன்னு சொல்ற. எல்லாம் எண்ணெய்தானேன்னு நினைச்சேன்."

அவன் கண் சிவந்துதான் இருந்தது. தூக்கமில்லாமலும் சிவக்கும், மற்றதற்கும் சிவக்கும். நம்புவதா வேண்டாமா என்று உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. வண்டியை எடுக்கச் சொன்னாள்.

ஹாஸ்டலில் ரூம் ரூமாக ஏறி, அளவு தப்பிவிட்டது, சோப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டாள். புருஷனைப் பற்றி வாய் திறக்கவில்லை. வார்டன் வாய்க்கு வந்தபடி பேசினாள். தேய்ந்ததும் தேயாததுமாக முப்பத்தொன்பது கட்டி பைக்கு வந்தது. மீதி ஒன்று அமலா என்கிற பெண் வாங்கியது.

"இன்னிக்குக் காலையிலதான் ஊருக்குப் போறவங்ககிட்ட குடுத்தனுப்பினேன். உத்திரமேரூர்ல எங்க அக்கா கொழந்தைக்கு. இயற்கை சோப்புன்னு சொன்னீங்களேன்னுதான்." அமலா போன் போட்டாள். அக்கா எடுக்கவில்லை.

கலைமணி நம்பரையும் விலாசத்தையும் வாங்கிக்கொண்டு கீழே ஓடினாள். பச்சையப்பன் வண்டி மேலேயே தலை கவிழ்ந்திருந்தான். விலாசத்தைக் கொடு, நான் மட்டும் போய் வாங்கி வருகிறேன், நீ வீட்டுக்குப் போ என்றான். அவள் விலாசம் எழுதிய சீட்டைக் கொடுக்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வழியில் இரண்டு முறை அவன் தலை சாய்ந்தது. இரண்டு முறையும் இடுப்பில் கிள்ளினாள்.

வாலாஜாபாத் தாண்டியதும் அமலாவின் அக்கா போனை எடுத்தாள். இப்போதுதான் குழந்தைக்குத் தண்ணீர் காய்கிறது, சோப்பு இன்னும் பிரிக்கவில்லை, இனித் தொடமாட்டேன் என்றாள்.

பச்சையப்பன் வண்டியை ஓரம் கட்டினான். "அதான் தொடமாட்டேன்னு சொல்லிட்டாங்களே. திரும்பிடலாமா?"

"நேரா போ," என்றாள் கலைமணி. "என் கைக்கு வரட்டும்."