ஃபிரிட்ஜ் மேலிருந்து புறப்பட்ட குரல்

கல்யாணமான பதினோராம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கணக்கு வாத்தியாரின் குரல் அவர் வாயை விட்டுவிட்டு ஃபிரிட்ஜின் மேலிருந்து கேட்கத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் அவர் வாயசைக்க, பாடம் வீட்டில் நடந்தது. தலைமையாசிரியை விடுப்பில் அனுப்பினார். வருடம் முடிவதற்குள் குரல் வராவிட்டால் வேறு ஆள் என்றார். மனைவிக்கு எரிச்சல்தான் வந்தது. வாஷிங் மெஷின் தொழிற்சாலையில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதுதான் அவள் வேலையே. வட்டச் சட்டத்தில் பதித்த நாற்பத்தெட்டு மைக்குகளை இயந்திரத்தின் முன் நிறுத்துவாள். சத்தம் ஒவ்வொரு மைக்கையும் தொடும் நேரத்தில் இருக்கும் நூலிழை வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அது புறப்படும் இடத்தைக் கணினித் திரை சிவப்புப் புள்ளியாகக் காட்டும். இனி வீட்டிலும் அதே பிழைப்பு.

சட்டத்தைக் கேட்டு வாங்கி வந்து கூடத்தில் நிறுத்தினாள். "பேசித் தொலைங்க."

"என்னத்தப் பேச?" என்றது ஜன்னல் திரை. குரல் நாளுக்கு இரண்டடி நகர்ந்துகொண்டிருந்தது.

அது தெருவுக்குப் போன பிறகு, அவரை வீட்டில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லச் சொல்லிவிட்டு, சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். புள்ளிகளை வரைபடத்தில் வைத்து ஸ்கேலால் இணைத்து நீட்டினால், கோடு மூன்றாம் தெருவில் அவருடைய அண்ணன் வீட்டுக்குள் போய் முட்டியது. ஓர் ஏணியைத் திருப்பித் தராததற்காக ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. போய் வரலாம் என்றாள். "நான் ஏன் போகணும்? அவன் வரட்டும்" என்று அவர் சொன்னதை, அன்று குரல் இருந்த கடையின் தையல்காரர் போன் பண்ணித்தான் அவளுக்குச் சொன்னார்.

வருடக் கடைசியில் அண்ணி அழைத்தாள். "உன் புருஷன் குரல் எங்க அடுப்படி அலமாரிக்குள்ள உக்காந்து வர்க்கமூலம் நடத்துது. ஆளையும் கூட்டிட்டு வந்துடும்மா, என்னால முடியல."

போனார்கள். அலமாரிக்கு எதிரே நாற்காலி போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். நாலு நாளாக அங்கேதானாம். வாத்தியார் வாசற்படியில் நின்று வாயசைத்தார். "அண்ணே" என்றது அலமாரி.

அண்ணன் திரும்பவில்லை. அலமாரியைப் பார்த்தே, "சாப்பிட்டியாடா?" என்றார். வாத்தியார் அழுதார், அந்தச் சத்தமும் உள்ளிருந்துதான் வந்தது.

அலமாரிக்குள் போன பிறகு குரல் நகரவில்லை, வாய்க்கும் திரும்பவில்லை. மனைவி இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டுச் சட்டத்தைத் தொழிற்சாலையில் ஒப்படைத்தாள். அவர்கள் அண்ணன் வீட்டு மாடிக்குக் குடிவந்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் பாடத்துக்கு அந்த அடுப்படிக்கே வந்தார்கள். கால் வைக்க இடமில்லை என்று தினமும் சலித்துக்கொண்ட அண்ணி, பின்வரிசைக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றதும், திருப்புளியை எடுத்து அலமாரிக் கதவைக் கழற்றிவிட்டாள்.