குறை சொல்லும் மேசை

மூன்றாவது தடவையும் அதே நாற்பத்திரண்டுதான் வந்தது. பின்சக்கரத்தை உருளைமேல் ஏற்றி ஓடவிட்டுக் குதிரைசக்தியை அளக்கிற டைனோவுக்கு, மனிதர்களைப் போல முகத்தாட்சண்யம் கிடையாது. குறைந்தது அறுபது காட்டவேண்டிய எஞ்சின் அது. மார்லிஸ் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கிக் கையுறையைக் கழற்றி இருக்கைமேல் வீசினாள்.

இன்னும் ஒரு சைஸ் பெரிய ஜெட் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான் தம்பி டோய்வோ. பட்டறையும் டைனோவும் அவனுடையவை. கேட்டபோது டைனோவின் திரையைப் பார்த்தானே தவிர அக்காவைப் பார்க்கவில்லை. அவளுக்கு இருந்த எரிச்சலில் அதை அவள் கவனிக்கவில்லை.

ஜெட் என்பது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற கார்புரேட்டருக்குள் இருக்கும் ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. நடுவே ஊசிமுனை அளவுக்கு ஓட்டை, அதன் வழியாகத்தான் பெட்ரோல் போகும். ஓட்டை பெரிதானால் பெட்ரோல் கூடும், சிறிதானால் குறையும். கூடினாலும் கோளாறு, குறைந்தாலும் கோளாறு. பெரியது, சிறியது, நடுத்தரம் என்று எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. எஞ்சின் எதற்கும் மசியவில்லை. மெதுவாக ஓட்டினால் பூனை மாதிரி ஓடும். முறுக்கினால் பாதியில் மூச்சுவாங்கி நின்றுவிடும்.

வண்டி அவள் புருஷன் வெர்ன் கட்டியது. வண்டியின் இரும்புச் சட்டத்தை அறுத்து நீட்டியவன் அவன், பற்றவைத்து ஒட்டியவள் மார்லிஸ். பெட்ரோல் டாங்கைத் தகட்டிலிருந்து கையாலேயே அடித்து எடுத்தான். அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடபகுதியில், அந்த இரும்புச் சுரங்க ஊரில் தகட்டு வேலையில் வெர்னை மிஞ்ச ஆள் இல்லை என்று அவனைப் பிடிக்காதவர்களே சொல்வார்கள். போன இலையுதிர் காலத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. இனி அவனால் வண்டி ஓட்ட முடியாது என்றானதும், மார்லிஸ் அழுது முடித்துவிட்டு பக்கவாட்டில் ஒற்றைச் சக்கரத்தோடு ஓடும் பெட்டியான சைடுகார் ஒன்றைப் பழையதாகத் தேடிப் பிடித்து வண்டியோடு பூட்டினாள். இனி அவள் ஓட்டுவாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து வருவான். மே மாதம் பனி உருகியதும் கூட்டமாகப் பெரிய ஏரிக்குப் போய்வரும் முதல் பயணத்தை வெர்ன் ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை.

ஏப்ரலில் சைடுகாரோடு ஒரு வெள்ளோட்டம் பார்த்தார்கள். சுரங்கச் சாலை ஏற்றத்தில் பாதிதான் போயிற்று, எஞ்சின் இழுக்கவில்லை. வெர்ன் தானே இறங்கிக்கொண்டான். கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவன் நடக்க, வெறும் பெட்டியோடு வண்டி முன்னால் ஏறிற்று. மார்லிஸ் மேலே போய் நின்று, அவன் வந்துசேரும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காபி குடிக்கும்போது, வானிலை பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னான்:

"சைடுகாரைக் கழட்டிடுடி. நீ மட்டும் போயிட்டு வா. என்னைச் சுமந்துகிட்டு அது ஏறாது."

"யோவ், எஞ்சின்ல கோளாறு இருக்கு. உன்மேல இல்ல."

"எஞ்சின் நான் கட்டினது. அதுல என்ன கோளாறு இருக்கப்போவுது?"

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த மே மாதம் வீட்டில் உட்கார்ந்தானானால் அடுத்த மே மாதமும் உட்காருவான், அப்புறம் நாற்காலியை விட்டே எழுந்திருக்க மாட்டான். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு டைனோமேல் உட்கார்ந்து ஜெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் வண்டியில் மாறியவை சில. புகைக்குழாய் புதிது. கார்புரேட்டரை அவளே பிரித்துத் துடைத்து மாட்டியிருந்தாள். அப்புறம் அந்த மூடி. காற்றை வடிகட்டும் ஃபில்டருக்குமேல் போட, வலது கை விளங்காத நிலையில், இடது கையாலேயே வெர்ன் அடித்த அலுமினிய மூடி. ஃபில்டரைக் கார்புரேட்டரோடு பொருத்தும் பின்தகட்டையும், இடையில் வைக்கும் ரப்பர் வளையத்தையும் கூட அவனே வெட்டினான். முகப்பில் அந்த ஊர் ஏரிகளில் கூவுகிற லூன் பறவையைச் செதுக்கியிருந்தான். விழுந்தபிறகு அவன் கை பார்த்த முதல் வேலை அது. குளிர்காலம் முழுக்க ஆயிற்று.

டோய்வோவின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. யார் எந்தப் புதுச் சாமானைச் செய்துகொண்டு வந்தாலும் அதை நேரே வண்டியில் மாட்டிவிட முடியாது. முதலில் வாசல் பக்கத்து மேசைமேல் வைக்கவேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே கூடுகிற வண்டிக்காரர்கள் ஒவ்வொருவரும் அதில் ஒரு குறையாவது சொல்லியாகவேண்டும். சொல்லுகிறார்களா என்ன, கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். அவர்களில் அதிகமாகக் கிழிப்பவன் வெர்ன்தான். ஒருத்தன் ஆசையாகக் கொண்டுவந்த கைப்பிடியைப் பார்த்து, இதைச் செய்யும்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தாயா என்று கேட்டவன். திட்டு வாங்காத சாமான் அந்தப் பட்டறையில் சாமானே இல்லை.

பிப்ரவரியில் வெர்ன் அந்த மூடியை மேசைமேல் வைத்தான். ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஒருத்தன், ரொம்ப நன்றாக இருக்கிறது என்றான். உடனே எல்லாரும், ஆமாம் ஆமாம், பிரமாதம் என்றார்கள். ஒருவன் கைகூடத் தட்டினான். வெர்ன் தலையை ஆட்டிவிட்டு, குளிருகிறது, வீட்டுக்குப் போகலாம் என்றான். மார்லிஸுக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. எவ்வளவு நல்ல மனுஷர்கள் என்று நினைத்துக்கொண்டே கார் ஓட்டினாள்.

இப்போது டோய்வோ நீட்டிய அடுத்த ஜெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். ஒரு விஷயம் அவளுக்குள் உறுத்திற்று. ஜெட் தவறாக இருந்தால், மாற்றும்போது கொஞ்சமாவது ஏறவேண்டும், இல்லாவிட்டால் இறங்கவேண்டும். பெரிய ஜெட்டுக்கும் அதே எண், சிறிய ஜெட்டுக்கும் அதே எண் என்றால் என்ன அர்த்தம்? பெரிய ஜெட் வேலை செய்யவேண்டிய கட்டத்துக்கே எஞ்சின் போய்ச் சேரவில்லை. இந்த மாதிரி கார்புரேட்டரில் உள்ளே ஒரு சிறு கதவு உண்டு. முறுக்கினால் அது மேலே ஏறி வழிவிடும். அதை ஏற்றிவிடுவது காற்றழுத்தம். அந்தக் காற்று நுழைவதற்குக் கார்புரேட்டரின் வாயருகில், உச்சியில், ஒரு சின்னத் துளை இருக்கிறது. துளை அடைபட்டால் கதவு பாதியில் நின்றுவிடும். பிறகு தங்கத்தில் ஜெட் செய்து போட்டாலும் பிரயோஜனமில்லை.

அவள் ஸ்பானரை எடுத்து மூடியைக் கழற்றினாள். பின்தகட்டையும் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். வெர்ன் வெட்டிய ரப்பர் வளையம், துளை வரவேண்டிய இடத்தில் நன்றாகப் படிந்து உட்கார்ந்திருந்தது. துளையின் வட்டத் தடம்கூட அதில் பதிந்திருந்தது.

"ஓட்டுடா," என்றாள்.

மூடியும் தகடும் இல்லாமல் ஓட்டினார்கள். அறுபத்து மூன்று.

சந்தோஷத்தில் குதித்திருக்கவேண்டியவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஆச்சரியத்தின் சாயலே இல்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

டோய்வோ மென்று விழுங்கினான். ஜெட் மாற்றத் தொடங்கிய முதல் நாளே, அவள் சாப்பாடு வாங்கப் போயிருந்தபோது, மூடியையும் தகட்டையும் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்திருக்கிறான். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கும் தெரியும். மச்சானிடம் யார் போய்ச் சொல்வது என்று ஆளுக்கு ஆள் நழுவியிருக்கிறார்கள். ஏதாவது ஒரு ஜெட்டில் எப்படியாவது சரியாகிவிடாதா என்று அவனும் ஒன்று மாற்றி ஒன்று நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். மார்லிஸ் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவர் அங்கே நான்தான் சுமை என்று உட்கார்ந்திருக்கிறார், நீ இங்கே ஜெட் வைத்து விளையாடுகிறாயா என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். பிறகு மெல்லச் சொன்னான்:

"சத்தமில்லாம நான் அந்த ரப்பரை வெட்டி விட்டுடறேங்க்கா. ஜெட்டுலதான் கோளாறு, சரியாயிடுச்சின்னு சொல்லிடுவோம். மச்சானுக்குத் தெரியவே வேணாம்."

ஒரு நிமிஷ வேலை. யாருக்கும் நோகாது. அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது. சரி என்று சொல்ல வாயெடுத்தவள், வாசல் பக்கத்து மேசையைப் பார்த்தாள். பிப்ரவரியில் அங்கே நின்றிருந்த வெர்னின் முகம் நினைவுக்கு வந்தது. குளிருகிறது, வீட்டுக்குப் போகலாம் என்றானே. பட்டறையில் அடுப்பு கனகனவென்று எரிந்துகொண்டிருந்தது அன்று. அவனுக்கு எங்கே குளிர்ந்தது?

"வேணாம்," என்றாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே. எல்லாரையும் வரச்சொல்லு."

மறுநாள் மத்தியானம் வெர்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அவன் எதையும் கேட்பதை விட்டு நாளாகியிருந்தது. ஏழெட்டுப் பேர் காபிக் கோப்பையோடு நின்று, தரையில் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்லிஸ் லூன் மூடியையும் பின்தகட்டையும் கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள். பயமாகத்தான் இருந்தது.

"யோவ். உன் மூடிதான் எஞ்சின் மூச்சை அடைக்குது. ரப்பரை வெட்டும்போது துளையைக் கோட்டை விட்டுட்ட. இது இல்லாம அறுபத்து மூணு காட்டுது."

வெர்ன் தடியை ஊன்றி மேசையருகே வந்தான். இடது கையால் தகட்டைத் திருப்பினான். ரப்பரில் பதிந்திருந்த வட்டத்தைக் கட்டைவிரலால் தடவினான். மார்லிஸ் அவன் முகத்தையே பார்த்தாள். சொல்லியிருக்கக் கூடாதோ?

வெர்ன் நிமிர்ந்து மைத்துனனைப் பார்த்தான்.

"நீ என்னடா சொல்ற?"

டோய்வோ அக்காவைப் பார்த்தான். அவள் முறைத்த முறைப்பில் அவனுக்கு வாய் திறந்தது.

"மட்டமான வேலை மச்சான். சின்னப் பையன்கூட துளை எங்கன்னு பாத்துட்டு வெட்டுவான்."

"அப்புறம்?"

"அப்புறம்... இந்தப் பறவை. லூன்னு நீ சொன்னதாலதான் லூன். எனக்குக் கோழி மாதிரிதான் தெரியுது."

பின்னாலிருந்து ஒருத்தன், கோழி இல்லை, முட்டைமேல் உட்கார்ந்த கோழி என்றான். இன்னொருத்தன் மூடியின் ஓரம் கோணல் என்றான். மூடி திறந்த மாதிரிதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். பிப்ரவரியிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துக் கொட்டினார்கள். வெர்ன் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றான். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடியில் இறங்கிற்று. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. கூட்டம் மெல்ல ஓய்ந்தது.

"அன்னைக்கு எல்லாரும் பிரமாதம்னு சொன்னீங்களே," என்றான். "செத்தவன் வேலையைத்தான்டா யாரும் குறை சொல்ல மாட்டாங்க. அன்னைக்கே என்னைப் பொதைச்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

டோய்வோ வந்து மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டான். நான் வெட்டித் தருகிறேன் என்று கத்தியைக் கையில் எடுத்தான். வெர்ன் அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"கோழின்னு சொன்னவன் நீ, என் சாமானைத் தொடாத."

டோய்வோ ஒரு நிமிஷத்தில் முடித்திருப்பான். வெர்னுக்கு இரண்டு கோப்பைக் காபி நேரமாயிற்று. இடது கையால் ரப்பரை வெட்டினான், தகட்டில் துளைக்கு நேரே ஒரு பள்ளம் அராவினான், ஊதிப் பார்த்தான், மறுபடி அராவினான். யாரும் உதவிக்குப் போகவில்லை. பக்கத்தில் நின்று, இப்படியே போனால் அடுத்த பனி வந்துவிடும் என்று மட்டும் சொன்னார்கள். அவனும் பதிலுக்குச் சொன்னான், அவர்கள் ஒவ்வொருவருடைய வண்டியையும் பற்றி. மூடியை மாட்டி டைனோவில் ஓட்டினார்கள். ஜெட்டை ஒரு சைஸ் மட்டும் மாற்றினாள் மார்லிஸ். இந்தத் தடவை எண் கேட்டபடி ஏறிற்று. அறுபத்தைந்தில் நின்றது.

மே மாதம் எல்லாரும் போனார்கள். ஏரியில் பனிக்கட்டிகள் இன்னும் மிதந்தன. கரையில் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, ஏரிக்கரை ஊரிலிருந்து செங்குத்தாக ஏறும் சாலை வந்தது. மார்லிஸ் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். பக்கத்துப் பெட்டியில் வெர்ன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கைத்தடியை முழங்காலுக்கிடையில் நட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் முறுக்கினாள். வண்டி இழுத்தது. பாதி ஏற்றத்தில், சுரங்கச் சாலையில் அவன் இறங்கி நடந்தானே, அதே மாதிரி ஒரு வளைவில், அவன் தடியால் பெட்டியின் ஓரத்தைத் தட்டினான்.

"என்னய்யா, இறங்கணுமா?" என்று கத்தினாள்.

"இறங்கறதாவது! டோய்வோ நம்மளை முந்திப் போறான் பாரு. நீ ஓட்டறியா, உருட்டறியா?"

அவள் இன்னும் முறுக்கினாள். முறுக்குவதற்கு இன்னும் இருந்தது.