சத்தத்தைக் குறைக்கச் சொன்ன வீடு

"ஹலோ… மைக் டெஸ்ட்… ஒன், டூ…"

விடியற்காலை ஐந்து மணி. மின்கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் ஜன்னலுக்கு நேராக அலறியதும், நாகசுப்பிரமணியன் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தார். கை தானாக நெஞ்சுக்குப் போனது. பைபாஸ் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தூக்கம் கெடக் கூடாது, திடுக்கிட விடக் கூடாது என்று டாக்டர் அவர் மனைவி அலர்மேல்மங்கையிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

வியர்வையில் நனைந்த பனியனைக் கழற்றிவிட்டு, அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

ஆனையூரில் அந்தத் தெருக் காளியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல். இன்னும் ஒரு வாரம் இப்படித்தான்.

விடிந்ததும் பந்தலுக்குப் போனாள். விழாக் கமிட்டித் தலைவர் வெள்ளைத்துரை டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேஷன். அந்த ஒரு குழாயை மட்டும் வேற பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்க."

"சாமி காரியம்மா. வருசத்துல ஒருக்கா. காதுல பஞ்சை வச்சுக்கிட்டுப் படுக்கச் சொல்லுங்க."

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது: "சௌராஷ்ட்ரா வீட்டுக்குன்னு சத்தம் போடாத சாமியா ஒண்ணு பாத்துக் கொண்டு வருவமா, மாப்ள?"

எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளைத்துரையும் டீ சிந்தச் சிரித்தார்.

அவள் நேரே ஸ்டேஷனுக்குப் போனாள். ஏட்டு பொறுமையாகத்தான் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா சத்தத்தை அளக்குற மிஷின் எங்ககிட்ட இல்லையே."

"அளக்குறதுக்கு என்ன சார் இருக்கு? ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் போடவே கூடாதுன்னு சட்டம் இருக்கே."

"நீங்க வக்கீலா?"

"இல்ல சார். நோயாளியோட பொண்டாட்டி."

ஏட்டு பேனாவை எடுத்தார். "வீட்டுக்காரர் பேரு?"

சொன்னாள். "எம் பேரு மட்டும் வெளிய தெரிய வேண்டாம் சார்."

"தெரியாதும்மா."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவள் பெயர் வெளியே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வெள்ளைத்துரை நாலு பேரோடு வாசலில் வந்து நின்றார். ஏச்சு வரும், கல் வரும் என்று அலர்மேல்மங்கை மனதைத் திடப்படுத்திக்கொண்டிருந்தாள். வந்தது தாம்பாளம். தேங்காய், பழம், மாலை, ஒரு பட்டுத் துண்டு.

"நாகசுப்பிரமணியன் சார், தப்பு எங்க மேலதான்," என்றார் வெள்ளைத்துரை. "ஸ்டேஷன்ல சொல்லித்தான் உங்க பேரே எங்களுக்குத் தெரியும். இம்புட்டு வருசமா ஒரே தெருவுல இருக்கோம், உங்களுக்கு ஒரு மரியாத செய்யல. கோவம் வரத்தான் செய்யும். நாளைக்குச் சாயந்தரப் பூசை உங்க உபயம். நீங்கதான் முன்ன நிக்கணும்."

புகார் கொடுத்தது நானில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். மனைவியை ஒரு தரம் பார்த்தார். பிறகு துண்டுக்குத் தோளைக் காட்டினார்.

"அப்ப அந்தப் புகாரு…" வெள்ளைத்துரை இழுத்தார்.

"அது கெடக்கு. காலைல போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடுறேன்."

அவர்கள் படியிறங்கியதும் அலர்மேல்மங்கை வீட்டுப் பாஷையான சௌராஷ்ட்ரத்தில் வெடித்தாள். "உங்க நெஞ்சுக்காகத்தானே அங்க போய் நின்னேன்? அவங்க சிரிச்சதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டது யாருக்காக?"

"இந்தத் தெருவுக்கு வந்து இருபது வருசமாச்சு," என்றார் அவர், துண்டின் கரையைத் தடவியபடி. "போஸ்ட்மேனைத் தவிர யாராவது எம் பேரைச் சொல்லி நீ கேட்டிருக்கியா?"

உண்மைதான். தெருவுக்கு அவர்கள் சௌராஷ்ட்ரா வீடு. அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் கோயில் வாசலில் குழாய்கள் போதாதென்று ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளும் இறங்கியிருந்தன. முன்வரிசையில், தலையில் பரிவட்டத்தோடு அவர். பின்னால், மாத்திரையும் தண்ணீர் பாட்டிலுமாக அவள். ஒவ்வொரு அடிக்கும் பிளாஸ்டிக் நாற்காலி அதிர்ந்தது. அவர் நெற்றி வியர்த்திருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொள்வதை மாலைக்கு அடியில் மறைத்திருந்தார். மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவளுக்குத் தெரியாதா?

பாட்டை நிறுத்திவிட்டு அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். "இன்றைய உபயதாரர், நமது தெருவின் பெருமை, ஐயா நாகசுப்பிரமணியன் அவர்கள்…"

பட்டாசு வெடித்தது. அவர் உடம்பு ஒரு முறை குலுங்கி அடங்கியது.

"போதும், எந்திரிங்க," என்று காதருகே குனிந்தாள். "வீட்டுக்குப் போயிடலாம்."

அவர் அவள் கையை விலக்கிவிட்டு, வெள்ளைத்துரையைச் சைகை காட்டிக் கூப்பிட்டார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லப்போகிறார் என்று அவளுக்கு மூச்சு வந்தது. வெள்ளைத்துரை வந்து குனிந்தார்.

"எம் பேரை இன்னொரு தடவ வாசிக்கச் சொல்லுங்க, தலைவரே. இந்தச் சத்தம் தெருக்கடைசிக்குக் கேட்டிருக்காது."